பால்மரமும் பௌதிகமும்

சிலாங்கூர் ஆற்றை அடுத்து, புக்கிட் ரோத்தானிலிருந்து ஈஜோக் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தை வரையில் (2007-க்குப் பின் பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் ஊர் அது) ரப்பர்த் தோட்டங்கள் நிரை நிரையாக நின்ற காலத்தில், பால்மரம் வெட்டும் ஆணும் பெண்ணும் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக் களத்தில் வந்து பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தத்தம் நிரைக்குப் போனார்கள். அந்த அகால வேளையில் ஏன் போக வேண்டும், வெயில் ஏறிய பின் சாவகாசமாகப் போய் வெட்டினால் என்ன என்று கேட்டால், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதே எல்லாரும் சொல்லும் விடை. அது அனுபவத்தின் வாக்கு. முற்றிலும் மெய்யான வாக்கு. அழுத்தம் என்னும் பௌதிகக் கருத்து முழுவதும் அந்த ஒரு விடைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பௌதிக சாஸ்திரத்தின் ஆரம்பப் பாடங்களென்று வகுத்துவைத்திருக்கும் அழுத்தம், அடர்த்தி, மிதப்பு, விசை, வேலை, வெப்பம் ஆகியவற்றைக் கப்பியையும் தள்ளுவண்டியையும் கண்ணாடிக் குடுவையையும் கொண்டு விளக்குவது நெடுங்கால வழக்கம். அவ்வழக்கில் குற்றமொன்றுமில்லை. ஆயினும், வட சிலாங்கூரின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பாடங்களை அவர்களுடைய பாட்டன் பாட்டியர் கையாண்ட உளியிலும் பாலேந்தும் மங்கிலும் பால்வாளியிலும் தொடங்குவதே சிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், அக்கருத்துக்களுள் ஒன்று அந்தப் பாட்டன் பாட்டியரின் கூலியில் ஒரு பகுதியையே நிர்ணயித்தது.

அழுத்தத்திலிருந்து தொடங்குவோம். ஒரு விசை எவ்வளவு பரப்பின்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்ததே அழுத்தம். மழுங்கிய உளியைக் கொண்டு இழுத்தால், விசை அகன்ற விளிம்பிலே பரவிப் பட்டை நசுங்கிப் போகிறது. தீட்டிய உளியைக் கொண்டு அதே பலத்தோடு இழுத்தால், விசை முழுவதும் மயிரிழையளவான விளிம்பில் குவிவதால், பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்குச் சீராகச் சீவப்பட்டு வருகிறது. மரத்தின் வளர்ச்சிக்கு ஆதாரமான மெல்லிய படலம் பட்டைக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. அதைக் காயப்படுத்தாமல், அதற்கு ஒரு மில்லிமீட்டர் இப்பாலேயே உளியை நிறுத்தத் தெரிந்த கைதான் தேர்ந்த கை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டுக் கோட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பால் எடுக்கலாம் என்று சோதித்துக் காட்டியிராவிட்டால், மலாயாவில் ரப்பர்த் தோட்டம் என்ற ஒன்று இவ்வளவு விரைவில் எழுந்திருக்குமா என்பது ஐயமே.

இனி, பட்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்ப்போம். பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையில் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அக்குழாய்களிலுள்ள திரவத்தில் சர்க்கரையும் உப்புக்களும் கரைந்திருப்பதால், சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீர் மெல்லிய சவ்வுகளின் வழியே உட்புகுந்துகொண்டேயிருக்கிறது. குழாயின் சுவரோ எல்லைக்கு மேல் விரிந்துகொடுப்பதில்லை. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டெரி, போட்மன் என்னும் இருவர் உயிருள்ள மரங்களின் பட்டையிலேயே அழுத்தமானிகளைப் பொருத்தி இதை நேராக அளந்து, 1964-இல் வெளியிட்டார்கள். விடியுமுன் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு அல்லது அதற்கும் மேல் இருந்தது. ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரமுள்ள நீரின் அடியில் உண்டாகும் அழுத்தமாதலால், நாம் சாதாரணமாகச் சாய்ந்து நிற்கும் ஒரு மரப்பட்டைக்குள் 100 மீட்டர் நீரின் அடியிலிருப்பது போன்ற நெருக்கடி நிலவுகிறதென்று அறிகிறோம். சூரியன் எழுந்து இலைத்துளைகள் திறந்து நீர் ஆவியாகப் போகத் தொடங்கியதும், இலைகள் தண்டிலிருந்து நீரை இழுக்கின்றன; பால்குழாய்களும் நீரை இழந்து தளர்கின்றன; பகலில் அழுத்தம் வெகுவாக இறங்கி, மாலைக்கு மேல்தான் மீண்டும் ஏறுகிறது. விடியற்காலையில் உளி பட்டவுடன் பால் பீறிட்டு வருவதற்கும், வெயில் ஏறிய பின் வெட்டிய மரம் கஞ்சத்தனமாகக் கசிவதற்கும் காரணம் இவ்வளவே. பெரட்டு மணி அடித்தவர் தோட்டத் துரையாக இருக்கலாம். அந்த மணிக்கு நேரம் குறித்தது இலைத்துளைதான்.

வெட்டுக் கோட்டின் சாய்விலும் ஒரு கணக்கு உண்டு. இடப்புறம் மேலும் வலப்புறம் கீழுமாக, சுமார் 30 பாகைச் சாய்வில் அக்கோடு இறங்குகிறது. பால்குழாய்கள் மரத்தில் நேர் செங்குத்தாக ஓடாமல் சிறிது வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இவ்வாறு வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடுகின்றன என்பது ஒரு காரணம். பூமியின் ஆகர்ஷண சக்தி மற்றொரு காரணம். 30 பாகைச் சரிவில் ஒரு பொருளைக் கீழ்நோக்கி நகர்த்தும் விசை அதன் எடையில் சரிபாதி. சரிவைக் குறைத்தால் பால் கோட்டிலேயே தேங்கி உறையும். கூட்டினால் பட்டை வீணாகும். கோணவியலில் 30 பாகையின் ஸைன் மதிப்பு அரை என்று மனப்பாடம் செய்யும் மாணவன், அந்த அரை ஒரு காலத்தில் ஒவ்வொரு மரத்திலும் எழுதப்பட்டிருந்ததை அறிந்தால் அதை மறக்கவே மாட்டான்.

இவையெல்லாம் முன்னுரை. முக்கியமான பாடம் பால் கொட்டகையில் நடந்தது.

முற்பகல் வேளையில், மங்கு மங்காக வடித்துச் சேர்த்த பாலை வாளிகளில் சுமந்துகொண்டு தொழிலாளர் கொட்டகைக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். அங்கே பாலின் அளவு மட்டும் பார்க்கப்படவில்லை. ஒரு வாளிப் பாலில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் இருக்கிறது என்பதே கேள்வி. மரத்திலிருந்து வரும் பாலில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரைதான் ரப்பர். ஏனையது பெரும்பாலும் நீர். அந்தப் பங்கோ மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம், மழைக்கு மழை மாறுவது. ஆதலால் தோட்டக் கணக்கரான கிராணி ஒரு பாத்திரத்தில் பாலை எடுத்து, அதில் மெட்ரோலாக் என்னும் சிறு மிதவையை இறக்குவார். கீழே கனத்த குமிழும் மேலே மெல்லிய தண்டும் கொண்ட அக்கருவி சிறிது ஆடி அடங்கி நிற்கும். தண்டில் பாலின் மட்டம் தொடும் கோட்டைப் படித்தால், ஒரு கேலனில் இத்தனை பவுண்டு ரப்பர் என்று தெரியும். சாதாரணமாக அது 3-க்கும் 4-க்கும் இடைப்பட்டிருக்கும்.

மிதவை எப்படி அதை அறிந்தது? அடர்த்தி என்பது குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்பதன் அளவு. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை 1 கிராம். அதே இடத்தை அடைக்கும் ரப்பரின் எடை சுமார் 0.92 கிராம், பாலிலுள்ள நீர்ப்பகுதியோ, பலவும் கரைந்திருப்பதால், சுமார் 1.02 கிராம். இலேசான ரப்பர்த் துகள்களும் சற்றுக் கனத்த நீரும் கலந்ததே பால் என்றால், ரப்பர் மிகுந்த பால் இலேசாகவும் ரப்பர் குறைந்த பால் கனமாகவும் இருக்க வேண்டுமல்லவா? இவ்விடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கெட்டியான பால் கனமானது, நீர்த்த பால் இலேசானது என்று கண்ணும் நாவும் நமக்குச் சொல்கின்றன. உண்மை நேர் எதிரானது. கெட்டித்தன்மை என்பது திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கம்; அடர்த்தியோ எடைக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம்; ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இவ்விரு குணங்களையும் வேறுபடுத்திக் காணும் கணத்தில்தான் ஒரு மாணவன் பௌதிகத்தின் வாசலைக் கடக்கிறான் என்று சொல்வேன்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஸிரக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கண்ட நியமம் மற்றதைத் தீர்த்துவைக்கிறது. திரவத்தில் மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்குகிறது. மிதவையின் எடை 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாலில் இறக்கினாலும் அது 50 கிராம் பாலை விலக்கும் வரை அமிழும். பால் இலேசாக இருந்தால் அந்த 50 கிராமுக்கு அதிக இடம் வேண்டும், ஆகவே ஆழமாக அமிழும். கனமாக இருந்தால் மேலே நிற்கும். நூற்றுக்கு 35 பங்கு ரப்பருள்ள பாலின் அடர்த்தி ஏறத்தாழ 0.983, 25 பங்கானால் 0.993. வேறுபாடு நூற்றில் ஒரு பங்குதான். கையால் தூக்கிப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆனால் 50 கிராமை இவ்விரு எண்களாலும் வகுத்துப் பார்த்தால், விலக்கப்பட்ட இடம் முறையே 50.86, 50.35 கன சென்டிமீட்டர். வித்தியாசம் அரைக் கன சென்டிமீட்டர். தண்டின் குறுக்குப் பரப்பு கால் சதுர சென்டிமீட்டர் என்றால், அந்த அரைக் கன சென்டிமீட்டர் தண்டில் 2 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கமாகத் தோன்றுகிறது. குமிழைப் பெரிதாகவும் தண்டை மெல்லியதாகவும் அமைத்ததன் சூட்சுமம் இதுவே: புலனுக்கு எட்டாத ஒரு சிறு வேறுபாட்டைக் கண் காணும் நீளமாக மாற்றுவது. அளவுக் கருவிகள் பெரும்பாலானவற்றின் ஆத்மா இந்த உபாயத்தில்தான் இருக்கிறது.

வாளியில் நீர் கலந்தால் என்ன ஆகும் என்பதும் இப்போது தெளிவாகும். பாலின் அளவு கூடும்; அடர்த்தியும் நீரின் அடர்த்தியை நோக்கி ஏறும்; மிதவை உயர்ந்து நின்று குறைந்த எண்ணைக் காட்டும். பாலிலுள்ள ரப்பரின் எடையோ மாறுவதில்லை. கருவிக்கும் குறைகள் உண்டு. கெட்டிப் பாலில் மிதவை தன் சமநிலையை எட்டுமுன்னே தயங்கி நின்றுவிடும். நுரை கோட்டை மறைக்கும். பாலின் வெப்பநிலை மாறினால் எண்ணும் மாறும். இதனால்தான், பாலோடு தெரிந்த அளவு நீரைக் கலந்து மிதக்கவிட்டு, கண்ட எண்ணை அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளும் முறை வந்தது. அதனினும் நம்பத்தக்க முறை, சிறு மாதிரியை அமிலமிட்டு உறைய வைத்து, உருட்டி உலர்த்தி நிறுப்பது. கிராணியின் ஏட்டில் ஏறிய அந்த எண்ணைப் பொறுத்தே கூலியின் ஒரு பகுதி அமைந்திருந்தது. வாளியை இறக்கிவைத்துவிட்டு எதிரே நின்ற தாய்மாருக்கு, மிதவை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, எப்போது அது பிழையாகக் காட்டும் என்பதை யாராவது தமிழில் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். தன் உழைப்பை அளக்கும் கருவியின் தத்துவத்தை அறிந்துகொள்வது உழைப்பாளியின் உரிமை. ஒரு சாஸ்திரத்தைத் தாய்மொழியில் எழுதுவதற்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

பாலை உறைய வைத்து உலர்த்தி ரப்பராக்கிய பின்னும் பௌதிகம் அதை விடுவதில்லை. அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள்; குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. அதைச் சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்தபடியே மீண்டும் உதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்து அது ஆறிய பின், தளரவிட்டு உடனே உதட்டில் வைத்தால், குளிர்ந்திருக்கும். கண்ணுக்கு நேரே இழுக்காதபடி மட்டும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இந்தச் சோதனையை எழுதி 1805-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து ஜான் கஃப். குழந்தைப் பருவத்தில் அம்மையால் பார்வையிழந்தவர். கண் இல்லாத அவர் உதட்டால் கண்டதை, 1859-இல் ஜூல் நுட்பமான அளவீடுகளைக் கொண்டு உறுதிப்படுத்தினார். சக்தியை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. கஃப் கண்ட இன்னொன்றும் உண்டு: எடை தொங்கவிட்டு நீட்டிய ரப்பரைச் சூடாக்கினால், இரும்புக் கம்பியைப்போல் நீளாமல், அது சுருங்கி எடையை மேலே தூக்குகிறது.

நாம் இழுத்தபோது செய்தது வேலை. விசையையும் அது நகர்த்திய தூரத்தையும் பெருக்கிய அளவு அது. வேலை அழிவதில்லை, ஏதாவதொரு ரூபத்தில் வெளிப்பட்டே தீரும். எஃகு வில்லில் அது அணுக்களின் இடையே முறுக்கிய சக்தியாகச் சேமிக்கப்படுகிறது. ரப்பரிலோ பெரும்பாலும் வெப்பமாக மாறுகிறது. காரணம் ரப்பரின் மூலக்கூறில் இருக்கிறது. 5 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. வெப்பத்தினால் அக்கண்ணிகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தார் கைகோத்து வரிசையாக நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: நாற்புறமும் நெருக்கித் தள்ளும் கூட்டம் அவர்களை நேர்கோட்டில் நிற்கவிடாது, வரிசை வளைந்து நெளிந்து, இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கியே நிற்கும், முனைகளைப் பிடித்து இழுத்து நேராக்கினால், யாரும் வேண்டுமென்று இழுக்காமலே, அந்த நெரிசல் அதை மீண்டும் உள்ளே இழுத்துவிடும். நெரிசல் மிகுந்தால் அந்த இழுப்பும் மிகும். ரப்பரைச் சூடாக்கினால் சுருங்குவதும் இதனாலேதான். வளைந்து கிடப்பதற்கு எண்ணற்ற வழிகள் இருக்கின்றன, நேராக நிற்பதற்கோ வெகு சில வழிகளே இருக்கின்றன. இந்த வழிகளின் எண்ணிக்கையை அளவாக்கித்தான் பௌதிகம் என்ட்ரோபி என்று சொல்கிறது. பட்டம் பெற்றவர்களையும் மிரட்டும் அச்சொல்லை ஒரு ரப்பர் வளையத்தைக் கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உணர்த்திவிடலாம்.

வெப்பத் துடிப்பே மீள்சக்தி என்றால், குளிரில் அது குன்ற வேண்டும், குன்றத்தான் செய்கிறது. 1986 ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ஓடம் புறப்பட்ட 73-ஆவது விநாடியில் சிதறி எழுவர் மாண்டனர். இணைப்புகளை அடைக்கும் செயற்கை ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்து, உரிய வேகத்தில் மீளாமல் போனது என்பதை, பௌதிக மேதை ஃபைன்மன் விசாரணைச் சபையின்முன் அத்தகைய ரப்பர்த் துண்டொன்றைப் பனிநீர்க் குவளையில் அமிழ்த்தி எடுத்துக் காட்டினார்.

இன்று இப்பகுதியில் பால்மரங்கள் அருகிவிட்டன. கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான். அதற்கும் தொடக்கம் இங்கேயே: ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் இட்ட நடவே மலாயாவில் வாணிபத்துக்கென்று போட்ட முதல் செம்பனைத் தோட்டம். பயிர் மாறினாலும் பௌதிகம் மாறவில்லை. ஆலையில் பிழிந்த சாற்றைச் சூடாகத் தொட்டியில் நிறுத்தினால், நீரைவிட அடர்த்தி குறைந்த எண்ணெய் மேலே மிதந்து பிரிகிறது. சூடு, எண்ணெயின் ஓடும் தயக்கத்தைக் குறைத்து அந்தப் பிரிவை விரைவாக்குகிறது. மரத்தடியிலோ வேறொரு பாடம். பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள இவ்வட்டாரத்தில், விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.78 மீட்டர் கூடுகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து அறுபட்ட குலை ஒன்றரை விநாடிக்குள் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். 20 கிலோ குலையானாலும் உதிர்ந்த ஒரே பழமானாலும், காற்றின் தடையைத் தள்ளிவிட்டால், விழும் நேரம் ஒன்றே. தாக்கும் சக்தி மட்டும் எடைக்கு ஏற்ப வேறுபடும். அண்ணாந்து பார்த்து ஒதுங்குவதற்கு ஒன்றரை விநாடி போதாது. வெட்டுமுன்னரே குலை விழும் இடத்தை விட்டு விலகி நிற்க வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்றவே கூடாது.

பாலை அளந்த மெட்ரோலாக்கைப் போன்ற ஒரு மிதவையை வீட்டிலேயே செய்யலாம். பானம் உறிஞ்சும் குழல் ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து, அது நிமிர்ந்து மிதக்கும் அளவுக்கு மண்ணைக் கூட்டிக் குறைத்து, நல்ல நீரில் அது நிற்கும் மட்டத்தில் ஒரு கோடும், உப்பு நீரில் நிற்கும் மட்டத்தில் மற்றொரு கோடும் இடுங்கள். பிறகு சமையல் எண்ணெயில் இறக்கி, கோடு எங்கே போகிறதென்று பிள்ளைகளையே முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து வந்த குடும்பங்களில் எவரிடமேனும் பழைய பால் கொட்டகையின் மெட்ரோலாக்கோ, உளியோ, மங்கோ பரணில் கிடந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், அருகிலுள்ள தமிழ்ப் பள்ளியின் அறிவியல் அறைக்குக் கொடுத்து, அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.